2008 வெள்ளத்துக்குப் பிறகு அயோவா பல்கலைக்கழகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அயோவா சிட்டி நகரில் இருக்கிறது அயோவா பல்கலைக்கழகம். 1847-இல் தொடங்கப்பட்டது. அயோவா ஆறு வளாகத்தின் நடுவே ஓடுகிறது. 2008 ஜூனில் அந்த ஆறு கரை மீறியது. அந்த வெள்ளத்தையும் அதிலிருந்து பல்கலைக்கழகம் எழுந்த விதத்தையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். வெள்ளம் புகுந்த எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் பயன்படக்கூடிய செய்முறை விவரங்களையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறோம்.

2008-இல் நீர் எவ்வளவு ஏறியது?

அயோவா சிட்டி அளவுகோலில் 22 அடியைத் தாண்டினாலே வெள்ளநிலை. 2008 ஜூன் 15 அன்று 31.53 அடி பதிவானது. அதற்கு முந்தைய பெருவெள்ளமான 1993-இல்கூட 28.52 அடிதான். மூன்று அடி வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் சமதளமான ஆற்றுச் சமவெளியில் மூன்று அடி கூடினால், அதுவரை நனையாத வரிசைக் கட்டடங்கள் முழுவதும் நீருக்குள் போய்விடும். இருபதுக்கும் மேற்பட்ட முக்கியக் கட்டடங்களில் நீர் புகுந்தது: ஹான்சர் அரங்கம், இசைப்பள்ளி, நாடகக் கட்டடம், ஓவியக் கட்டடங்கள், அருங்காட்சியகம், மாணவர் மன்றக் கட்டடம், ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஆய்வகக் கட்டடம், ஆற்றை ஆராய்வதற்கென்றே கரையில் கட்டப்பட்ட நீரியல் ஆய்வகம். கலைத் துறைகள் அநேகமாக மொத்தமாக வீடிழந்தன.

ஆற்றின் மேற்பகுதியில் அணை இருந்ததே, ஏன் காக்கவில்லை?

காரல்வில் அணை 1958 முதல் இயங்குகிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 712 அடிக்குக் கீழே இருக்கும்வரை மதகைத் திறந்து மூடி, கீழே போகும் நீரின் அளவை மனிதர்கள் தீர்மானிக்கலாம். 712 அடியில் அவசரக் கலிங்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் வரும் நீரெல்லாம் தானாக வழியும். மதகை மூடுவதால் பயனில்லை. 2008 ஜூன் 10 அன்று கலிங்கு வழியத் தொடங்கியது. ஏரி 717 அடிவரை போனது.

அணை அன்றாட வெள்ளங்களைத் தணித்தது உண்மை. அதே அணைதான் கரையோரம் கட்டலாம் என்ற துணிச்சலையும் தந்தது. வளாகத்தின் கலைக் கட்டடங்களில் பல, அணை வந்த பிறகு கட்டப்பட்டவை. 1993-இல் கலிங்கு வழிந்தபோதே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. அப்போது பாய்ந்த நீர் மண்ணை அரித்து, சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையான கடல்தரைப் புதைபடிவங்களை வெளியே கொண்டுவந்தது. இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆற்றிலிருந்து தள்ளி நின்ற கட்டடங்களுக்குள் நீர் எப்படிப் போனது?

நிலத்துக்கு அடியில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

குளிர்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரே மின்நிலையத்திலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் நீராவி போகும். அந்தக் குழாய்கள் ஆள் நடக்கும் அளவுள்ள சுரங்கங்களில் செல்கின்றன. கூடவே மின்கம்பி, குளிர்நீர்க் குழாய், தகவல் தொடர்புக் கம்பி. ஆற்றோரக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் நீர் புகுந்தால், சுரங்கம் வழியே அது அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. வெளியே மணல் மூட்டைச் சுவர் உறுதியாக நிற்கும். உள்ளே தரைக்கடியிலிருந்து நீர் கொப்பளிக்கும். அயோவாவில் சுரங்கங்களும் ஆற்றங்கரையில் இருந்த மின்நிலையமும் சேர்ந்து பாதிக்கப்பட்டதால், நனையாத கட்டடங்களுக்கும் நீராவி நின்றது. நீராவி என்றால் சூடு மட்டுமல்ல. மருத்துவமனைக் கருவிகளின் கிருமிநீக்கம், ஆய்வகப் பாத்திரம் கழுவுதல், வெந்நீர் எல்லாம் அதை நம்பியிருந்தன. தற்காலிகக் கொதிகலன்களைக் கொண்டுவந்து சமாளிக்க வேண்டியிருந்தது.

இதே வேலையைக் கழிவுநீர்க் குழாய்களும் செய்யும். ஆற்று மட்டம் உயர்ந்தால் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் எதிர்த்திசையில் ஓடி, கீழ்த்தளக் கழிப்பறை வழியாக நீர் மேலே வரும். எனவே சுவர் எழுப்பும் முன் செய்ய வேண்டிய வேலைகள் இவை: ஆற்றோரக் கட்டடத்தின் ஒவ்வொரு தரை வடிகாலையும் காற்றடைத்த ரப்பர் அடைப்பானால் மூடுவது, குழாய்களில் ஒருவழி வால்வு இருக்கிறதா, அது துருப்பிடிக்காமல் அசைகிறதா என்று பார்ப்பது, சுரங்கத்துக்குள் நீர் புகா கதவு வைப்பது, கம்பிகள் சுவரைத் துளைக்கும் இடங்களை அடைப்பது. கட்டை விரல் அளவு துளை போதும், ஓர் இரவில் அடித்தளம் நிரம்ப.

மணல் மூட்டைச் சுவர் ஏன் பல இடங்களில் தோற்றது?

ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஊர்மக்களும் இரவு பகலாக மூட்டை அடுக்கினார்கள். பல இடங்களில் சுவர் உடையவில்லை. நீர் அதன் தலைக்கு மேலே போனது, அல்லது முன்சொன்னபடி அடியில் போனது.

பொதுவான தவறுகள் வேறு. மூட்டையை வாய்வரை நிரப்பினால் அது உருண்டையாகி, இரண்டு மூட்டைக்கு நடுவே இடைவெளி விழும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயைக் கட்டாமல் அடியில் மடித்து, மிதித்துத் தட்டையாக்க வேண்டும். அப்படி நிரப்பிய மூட்டை 16 முதல் 18 கிலோ இருக்கும். கைமாற்றிக் கொடுக்கவும் ஏற்றது. சுவரின் அடி அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு வேண்டும். மூன்றடிச் சுவருக்கு ஒன்பதடி அகலம் என்று கேட்டதும் பலரும் குறைத்துக்கொள்கிறார்கள். சுவர் சரிவது அங்கேதான். நீர்ப்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பைத் தளர்வாக விரிக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் நீரழுத்தத்தில் கிழியும். சுவருக்கு உட்புறம் பம்பு வைக்காமல் கட்டிய சுவர் பாதி வேலைதான், ஏனென்றால் கசிவு கட்டாயம் வரும்.

நீளமான இடங்களுக்குக் கம்பிவலைப் பெட்டிகள் வேகமானவை: உள்ளே கனமான துணி, இயந்திரத்தால் மணல். இவை நிற்கக் கெட்டியான தரை வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் அடித்தளத்து நீரை உடனே இறைக்கலாமா?

கூடாது. வெளியே மண் நீரில் ஊறி, சுவரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் நீர்தான் அதற்கு எதிரழுத்தம் தருகிறது. அதை ஒரே நாளில் வெளியேற்றினால் சுவர் உள்நோக்கிப் பிளக்கும், தரை மேலெழும். வெள்ளம் நிலத்தின் மேற்பரப்பைவிட்டு இறங்கிய பிறகு, சுமார் ஓரடி மட்டும் இறைத்து, சுவரில் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். மட்டம் மறுபடி ஏறியிருந்தால் நிலத்தடி நீர் இன்னும் உயரத்தில் இருக்கிறது, காத்திருங்கள். ஏறவில்லை என்றால் இன்னும் ஓரடி.

சுவர், தரை, கூரை: எதை வெட்டி எறிவது, எதைக் காய வைப்பது?

ஆற்று வெள்ளம் சாக்கடையும் எண்ணெயும் வேதிப்பொருளும் கலந்தது. அதனால் உறிஞ்சும் பொருள் எதையும் காப்பாற்ற முயலாதீர்கள்: தரைவிரிப்பு, ஜிப்சம் பலகை, கண்ணாடி இழைப் பஞ்சு, அழுத்தப்பலகை மேசை எல்லாம் வெளியே. ஜிப்சம் பலகை நீரை மேலே உறிஞ்சும். நீர்க்கோட்டுக்கு மேல் குறைந்தது ஓரடியாவது, ஈரமானி காட்டினால் அதற்கும் மேலே வெட்ட வேண்டும். பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்தில் துளிர்க்கும். அதனால் இந்த வேலைக்குத் திட்டக்கூட்டம் போட நேரம் கிடையாது. ஒப்பந்ததாரர் யார், அவரிடம் எத்தனை ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறது என்பதெல்லாம் வெள்ளத்துக்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

கற்காரை, செங்கல், கெட்டி மரம் ஆகியவை பிழைக்கும். கழுவி, கிருமிநீக்கி, காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்துக் காய வைக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை, தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று புதுப்பலகை அடிப்பது. மரத்தின் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே வராமல் மூடினால், ஆறு மாதத்தில் சுவருக்குள்ளிருந்து நாற்றம் வரும். மறுபடி இடிக்க வேண்டியதுதான்.

நனைந்த மின்சாதனங்களைக் காய வைத்துப் பயன்படுத்தலாமா?

நீரில் மூழ்கிய சர்க்யூட் பிரேக்கர், ஃபியூஸ், சுவிட்ச், சாதாரணக் கம்பி ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும். வெளியே காய்ந்து தெரிந்தாலும், உள்ளே படிந்த சேறு பிரேக்கரைத் தேவையான நேரத்தில் விழாமல் தடுக்கும். பெரிய மோட்டார், மின்மாற்றி போன்றவற்றை உற்பத்தியாளர் சோதித்துச் சீர்செய்ய முடியலாம். மாற்றுச் சாதனம் வந்து சேர மாதக்கணக்காகும். கட்டடம் திறக்கத் தாமதமாவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001-இல் ஹூஸ்டனில் ஆலிசன் புயல் வெள்ளம் மருத்துவ ஆய்வு நிறுவனங்களின் அடித்தளங்களை நிரப்பியபோது மின்சாரமும் போனது, ஆயிரக்கணக்கான ஆய்வு விலங்குகளும் இறந்தன.

நூலகம் என்ன ஆனது?

முதன்மை நூலகத்தின் அடித்தளத்திலிருந்த நூல்களையும் அரிய கையெழுத்துப் படிகளையும் நீர் வருவதற்கு முன்பே தன்னார்வலர்கள் வரிசையாக நின்று கைமாற்றி மேல்தளங்களுக்கு ஏற்றினார்கள். மீட்புப் பணிகளில் இதைவிட மலிவானது வேறில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1997 ஜூலை 28 இரவு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குள் திடீர் வெள்ளம் புகுந்தது. ஏறக்குறைய 4,25,000 நூல்கள் நனைந்தன. அவற்றை உறையவைத்து, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பரிசோதித்து அடுக்க ஆண்டுகள் ஆயின.

நூல் நனைந்துவிட்டால் செய்ய வேண்டியது: திறக்காதீர்கள், பக்கங்களைப் பிரிக்காதீர்கள். 48 மணி நேரத்துக்குள் −20 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே உறையவைத்தால் கடிகாரம் நின்றுவிடும். பிறகு நிதானமாக முடிவெடுக்கலாம். பிளாஸ்டிக் கூடையில் முதுகுப்பக்கம் கீழாக, ஒரே அடுக்காக, விரல் நுழையும் இடம் விட்டு அடுக்குங்கள். காகிதம் தன் எடையில் பாதிக்கு மேல் நீர் குடித்து உப்புவதால், அலமாரியில் நெருக்கி வைத்த நூல்கள் அலமாரியையே பிளக்கும். பளபளப்புக் காகித நூல்களுக்குச் சில மணி நேரமே அவகாசம். பக்கங்கள் பாதி காய்ந்தால் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதன்பின் எதுவும் செய்ய முடியாது. உறைந்த நூல்களை வெற்றிட அறையில் வைத்தால் பனி நீராகாமல் நேரே ஆவியாகும், மை பரவாது. ஒளிநாடா, ஒலிநாடா, கண்ணாடித்தகட்டு நிழற்படம் ஆகியவற்றை உறையவைக்காதீர்கள்.

ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியம் தப்பித்தது எப்படி?

அமெரிக்க ஓவியர் பொல்லாக் 1943-இல் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைமுக்காக வரைந்த ‘மியூரல்’ ஓவியம் 1951 முதல் பல்கலைக்கழகத்தின் சொத்து. ஏறக்குறைய 2.4 மீட்டர் உயரம், 6 மீட்டர் நீளம். வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன்பே அருங்காட்சியகத்தின் மதிப்புமிக்க படைப்புகளோடு அதுவும் வெளியேற்றப்பட்டது. பிறகு டேவன்போர்ட் நகரின் ஃபிகி அருங்காட்சியகம் அதற்கு இடம் கொடுத்தது. 2012 முதல் 2014 வரை லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி நிறுவனம், 1973-இல் பூசப்பட்டிருந்த மெருகெண்ணெயை நீக்கிச் சீரமைத்தது. அதன்பின் பல நாடுகளைச் சுற்றி, 2022-இல் வீடு திரும்பியது.

இடையில் அதை விற்றுப் பணமாக்கலாம் என்ற பேச்சு மாநிலச் சட்டமன்றம் வரை போனது. பல்கலைக்கழகம் மறுத்தது, சரியான முடிவு என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கட்டடத்தை மறுபடி கட்டலாம்.

கட்டடங்கள் இல்லாமல் வகுப்புகள் எப்படி நடந்தன?

கோடை வகுப்புகள் ஒரு வாரம் அளவுக்கு நின்றன. ஆகஸ்டில் புதிய பருவம் உரிய நேரத்தில் தொடங்கியது. இதற்குக் காரணம், ‘கட்டடம் எப்போது தயாராகும்?’ என்ற கேள்வியையும் ‘வகுப்பு எங்கே நடக்கும்?’ என்ற கேள்வியையும் முதல் வாரத்திலேயே பிரித்ததுதான். 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுவதும் மூடப்பட்டு 2006 ஜனவரியில்தான் திறந்தது. அங்கே நகரமே காலியாகியிருந்தது. அயோவா சிட்டியில் மேட்டுப்பகுதி நனையவில்லை, அந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்தினார்கள்.

சிற்பம், மட்பாண்டம், ஓவியப் பட்டறைகள் நகரின் ஓரத்தில் காலியாகக் கிடந்த கட்டுமானப் பொருள் பெருங்கடை ஒன்றுக்குப் போயின. உயரமான கூரை, கனமான தளம், சரக்கேற்றும் வாசல்: பட்டறைக்குத் தேவையானவை எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. தற்காலிகம் என்று போனவர்கள் 2016 வரை அங்கேயே இருந்தார்கள். இசைத்துறை நகர் முழுவதும் சிதறியது. இசைக்கு இடம் தேடுவது கடினம். ஒலித்தடுப்பு வேண்டும், பியானோவுக்கு மாறாத ஈரப்பதம் வேண்டும். ஹான்சர் அரங்கின் நிகழ்ச்சிகள் ஊரிலுள்ள வேறு மேடைகளில் தொடர்ந்தன.

மறுகட்டுமானத்துக்கு ஏன் எட்டு முதல் பதினான்கு ஆண்டுகள்?

கட்ட ஆன காலம் குறைவு, கணக்குத் தீர்க்க ஆன காலம் அதிகம். கூட்டரசின் பேரிடர் நிதியை வழங்குவது ஃபெமா முகமை. அதன் விதிப்படி, பழுதுபார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவில் 50 சதவீதத்தைத் தாண்டினால்தான் புதுக்கட்டடத்துக்குப் பணம். தாண்டாவிட்டால் பழுதுபார்க்க மட்டும். ஹான்சர் வளாகம் தாண்டியது. ஆனாலும் அந்தக் கணக்கு சரியா என்று தணிக்கையாளர்கள் பின்னர் கேள்வி எழுப்ப, ஃபெமா தன் முடிவை மறுபடி உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

அருங்காட்சியகத்தின் சேதம் வரம்பைத் தொடவில்லை. கட்டடம் பிழைத்தது, ஆனால் அந்த இடத்தில் ஓவியங்களை வைத்தால் காப்பீடு தரமாட்டோம் என்றார்கள் காப்பீட்டாளர்கள். பழுதுபார்த்துத் திரும்பவும் முடியாது, புதிதாகக் கட்டப் பணமும் வராது. மேல்முறையீடுகளும் தோற்றன. கடைசியில் நன்கொடையோடு ஸ்டான்லி கலை அருங்காட்சியகம் 2022 ஆகஸ்டில் முதன்மை நூலகத்தின் அருகே திறக்கப்பட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: சேதத்தைச் சுத்தம் செய்யும் முன்பே படமெடுங்கள், நீர்க்கோட்டை அளந்து எழுதுங்கள், தூக்கி எறியும் ஒவ்வொரு பொருளையும் அறை எண்ணோடு பதியுங்கள். அந்த 50 சதவீதக் கணக்கு இந்தக் காகிதங்களின்மேல்தான் நிற்கிறது.

என்னென்ன புதிதாக வந்தன?

2016-இல் மூன்று. பெல்லி கிளார்க் பெல்லி நிறுவனம் வடிவமைத்த புதிய ஹான்சர் அரங்கம், பழைய இடத்துக்கு அருகே மேட்டில், 1,800 இருக்கைகளோடு. பழையதில் 2,500 இருக்கைகள்; குறைத்தது தெரிந்தே செய்தது. வாக்ஸ்மன் இசைக் கட்டடம் ஆற்றைவிட்டு நகரின் மையத்துக்கு நகர்ந்தது. ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த காட்சிக்கலைக் கட்டடம், அதே கலைஞரின் 2006-ஆம் ஆண்டுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் எழுந்தது. திறந்து இரண்டே ஆண்டில் நனைந்த அந்த 2006 கட்டடம் சீரமைக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் இனி நூறாண்டுக்கு வராதா?

வரலாம். ஒவ்வோர் ஆண்டும் வர ஒரு சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். ‘ஐந்நூறாண்டு’ வெள்ளத்துக்கும் அதே 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 6 சதவீதம் உண்டு. பல்கலைக்கழகக் கட்டடம் 30 ஆண்டுக்கா கட்டப்படுகிறது?

அயோவா வெள்ள மையம் என்ன செய்கிறது?

வெள்ளத்திலிருந்து பிறந்த பெருமைக்குரிய பணி இது. பல்கலைக்கழகத்தின் நீரியல் நிறுவனத்தில், மாநிலச் சட்டமன்றத்தின் நிதியோடு 2009-இல் தொடங்கியது. பாலங்களின் பக்கவாட்டில் மீயொலி உணரிகளைப் பொருத்தினார்கள். உணரி கீழ்நோக்கி ஒலி அனுப்பும். எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து நீர்மட்டம் தெரியும். சூரியத் தகட்டில் இயங்கி, கைபேசி வலையமைப்பில் தகவல் அனுப்பும். நீரைத் தொடாததால் குப்பையோ பனிக்கட்டியோ அடித்துக்கொண்டு போகாது. மாநிலமெங்கும் இப்போது 250-க்கும் மேற்பட்டவை உள்ளன. தகவல்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தன் ஊரின் அளவுகோல் இத்தனை அடி காட்டினால் எந்தத் தெருவரை நீர் வரும் என்ற வரைபடங்களும் பல நகரங்களுக்கு உண்டு. 2016 செப்டம்பரில் சீடர் ராப்பிட்ஸ் நகரம் மறுபடி பெருவெள்ளத்தை எதிர்கொண்டபோது, எங்கே தடுப்பு எழுப்புவது என்று தீர்மானிக்க இவை கைகொடுத்தன.

மற்ற துறைகள் பின்தங்கினவா?

இல்லை. வெள்ளம் வந்த அதே 2008 நவம்பரில் அயோவா சிட்டியை யுனெஸ்கோ இலக்கிய நகரமாக அறிவித்தது. எடின்பரோ, மெல்போர்னுக்கு அடுத்து உலகில் மூன்றாவது. 1936-இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையும், 1967 முதல் தமிழ் உட்படப் பல மொழி எழுத்தாளர்களை வரவேற்கும் சர்வதேச எழுத்துத் திட்டமும் வெள்ளத்துக்குப் பிறகும் தொடர்ந்தன. இயற்பியல் துறை செய்த அலைவாங்கிக் கருவி 2011-இல் ஜூனோ விண்கலத்தில் ஏறி 2016-இல் வியாழனை அடைந்தது. 2019-இல் டிரேசர்ஸ் இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்துக்காக நாசா 11.5 கோடி டாலர் அளித்தது. அவை 2025 ஜூலையில் ஏவப்பட்டன.

2008 அளவுக்கு மறுபடி நீர் வந்தால்?

கரையோரம் தங்கிய கட்டடங்களுக்குக் கழற்றி மாட்டும் தடுப்புச்சுவர்கள் அமைத்திருக்கிறார்கள். ஸ்டீவன் ஹோலின் 2006 கட்டடத்தைச் சுற்றி, சாதாரண நாளில் கண்ணுக்குத் தெரியாத அடித்தளம் மட்டும் நிலத்தில் இருக்கிறது. ஆறு ஏறும்போது அதன்மேல் சுவர் எழும். 2013-இல் வெள்ள எச்சரிக்கை வந்தபோது தடுப்புகள் எழுப்பப்பட்டன. நீர் அந்த அளவுக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட சுவரின் பாகங்கள் எளியவை: நிலத்தில் புதைத்த நங்கூரத் தகடு, அதில் திருகும் தூண், தூண்களுக்கு இடையே அடுக்கும் அலுமினியப் பலகை, ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ரப்பர்ப் பட்டை. கெடுவது பெரும்பாலும் சிறியவற்றில். தகட்டின் திருகுதுளைகளில் மண் இறுகிவிடும். ரப்பர் கிடங்கில் வெடித்துப்போகும். எந்தத் தூண் எந்த எண்ணுக்கு என்ற வரைபடம் ஓய்வுபெற்ற ஊழியரின் மேசையோடு போயிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆறு இறங்கியிருக்கும் காலத்தில், முழுச்சுவரையும் எழுப்பிப் பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தை முன்னெச்சரிக்கை அவகாசத்தோடு ஒப்பிட வேண்டும். எழுப்ப ஆகும் நேரம் அவகாசத்தைவிடக் கூடுதல் என்றால் ஆட்களைக் கூட்டுங்கள், அல்லது இன்னும் தாழ்ந்த அளவிலேயே வேலையைத் தொடங்கும்படி விதியை மாற்றுங்கள்.